இங்கே இடம் மட்டும்

அன்புள்ள ஃபாய் அக்காவுக்கு,

பிம் எழுதுவது. ஒசாகாவில் குளிர் தொடங்கியிருக்கும். விடுதி வேலைக்குக் கம்பளிக் காலுறை இல்லாமல் போகாதே. இங்கே எல்லாரும் நலம். போனில் சொல்ல முடியாததால் கடிதம். போன் அம்மாவிடம் இருக்கிறது, அம்மா பக்கத்தில் ஜியாப் இருக்கிறாள். இப்போதெல்லாம் எப்போதும் அப்படித்தான்.

மாமா தன் மகள் ஜியாப்பை நம் வீட்டில் தங்கிப் படிக்க அனுப்பியது உனக்குத் தெரியும். அவள் நம் கார் நிறுத்தத்தையே எடுத்துக்கொண்டது தெரியாது. ரயிலுக்கு ஓடுகிறவர்கள் கியரை நியூட்ரலில் விட்டுக் குறுக்கே நிறுத்திப் போகிறார்கள் இல்லையா, அந்தக் கார்களை அவள் இடுப்பாலேயே தள்ளிவிடுகிறாள். சிலர் சாவியையும் அவளிடமே கொடுக்கிறார்கள். சாமி மாடத்துக்குப் படையலாகச் சிவப்பு சோடா வைப்பதும் இப்போது அவள்தான். "ஜியாப் என் வலது கை" என்று அம்மா எல்லாரிடமும் சொல்கிறாள். நான் எந்தக் கை என்று யாரும் கேட்கவில்லை.

பக்கத்து மனையையும் குத்தகைக்கு எடுத்ததில் இந்த ஆண்டு வரவு பதினெட்டு லட்சம் பாட் என்ற வரி வரம்பைத் தாண்டிவிட்டது. இனி மதிப்புக் கூட்டு வரி வருமோ என்று அம்மாவுக்குத் தூக்கமில்லை. நான் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். வெறும் இடத்தை வாடகைக்கு விட்டால் இந்த வரி கிடையாது. வண்டியைப் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொண்டால் அது சேவை. ஏழு சதவீதம் கட்ட வேண்டும்.

சாப்பிடும்போது அம்மாவிடம் விளக்கினேன். சாவிகளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ஜியாப் எந்த வண்டியையும் தொடக் கூடாது என்றேன். அம்மா, "அப்போ இவளுக்கு இங்க என்ன வேலை? பரீட்சை முடிஞ்சதும் ஊருக்கு அனுப்பிடலாம்" என்றாள். அக்கா, அன்று நான் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். மறுநாளே என் கையெழுத்தில் பலகை எழுதி மாட்டினேன்: இங்கே இடம் மட்டும். வண்டிக்கு நீங்களே பொறுப்பு.

வரி அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒராபின் நேரில் பார்க்க வந்தார். அம்மா பலகையைக் காட்டி, "இடம் மட்டுந்தாங்க தர்றோம்" என்றாள். அந்த நேரம் பார்த்து, மாத வாடகைக்கு நிறுத்தும் விச்சித் ஐயா மனைவியை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகக் காரை எடுக்க வந்தார். அவர் காருக்குக் குறுக்கே ஒரு பிக்கப். அவர் தனியாக முக்கித் தள்ளுகிறார், அது அசையவில்லை. ஜியாப் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் பலகையைப் பார்த்தேன்.

"என்னடி மரமாட்டம் நிக்கிற? தள்ளு!" என்று அம்மா கத்தினாள்.

"பிம்தான் அத்தை, தொடக் கூடாதுன்னு..."

அதற்குள் அம்மா செருப்பை உதறிவிட்டு ஓடித் தோள் கொடுத்தாள். ஜியாப்பும் ஓடினாள். கார் போனதும் அம்மா மூச்சிரைக்க ஒராபினிடம் திரும்பி, "பார்த்தாச்சுல்ல? இடம் மட்டும் இல்லீங்க, பார்த்துக்கவும் செய்யறோம். எழுதிக்கோங்க" என்றாள்.

ஒராபின் சிரித்தார். "வரி வேண்டாம்னு அழறவங்களத்தாங்க பார்த்திருக்கேன். கூப்பிட்டுக் கேட்கிறவங்கள இப்பத்தான் பார்க்கிறேன்!"

மாத வாடகை ஆயிரத்து ஐந்நூறு இப்போது ஆயிரத்து அறுநூற்று ஐந்து. இரண்டு மூன்று பேர் எதிர் நிறுத்தத்துக்குப் போய்விட்டார்கள். ஜியாப் போகவில்லை. இனி போகவும் மாட்டாள். பலகை இப்போது கோழிக்கூண்டுக்கு மூடி.

வரி ரசீது எழுதும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. மொத்தத் தொகையிலிருந்து வரியைப் பிரித்தெடுக்க ஜியாப்புக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரே தடவையில் புரிந்துகொண்டாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. போன வாரம் மழையில் நனைந்துகொண்டு எனக்குக் குடை கொண்டு வந்தாள். அதனால் முழுதாக வெறுக்கவும் முடியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், அக்கா. அவளுக்காக அம்மா ஏழு சதவீதம் கட்டுகிறாள். நீ அடுத்த முறை போன் செய்யும்போது, நான் எழுதியதாகச் சொல்லாமல், முதலில் "பிம் எப்படி இருக்கா?" என்று கேள். அம்மா என்ன சொல்கிறாள், எவ்வளவு நேரம் சொல்கிறாள் என்று எனக்கு எழுது. ஜியாப்பைப் பற்றி அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
பிம்