காரணம் எழுதவும்

அக்கா,

இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல், கைப்பையின் உள்ளறையிலிருந்து அந்த மஞ்சள் காகிதத் துண்டை எடுத்துப் பார்த்தேன். பசை போய்விட்டது. பிரெஞ்சில் நான் எழுதியது மட்டும் அழியவில்லை: ‘காரணம் எழுதவும்.’ கிளினிக்கில் உங்கள் கோப்பில் நான் ஒட்டிய துண்டு. நீங்கள் இறந்து எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்த மறுநாள், ஒருவரும் பார்க்காத நேரம் உரித்து எடுத்தேன்.

அந்தக் கிளினிக்கில் நான் வேலைக்குச் சேர்ந்ததே உங்களால்தான். சென்ட் லோரன்டில் ஒரே கட்டடத்தில் நீங்கள் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. மாலை வகுப்புக்கு நான் போன நாளெல்லாம் என் மகளைப் பிள்ளைகள் காப்பகமான கார்டெரியிலிருந்து கூட்டிவந்து சோறு தீத்தினீர்கள், பண்டகசாலையில் பகல் முழுக்கப் பெட்டி அடுக்கிய கையால். “நீ மேசையில இருந்து வேலை செய்யவேணும் பிள்ளை. குனிஞ்சு குனிஞ்சு என்ர நாரி போனது காணும்,” என்பீர்கள்.

வயிற்று நோவு வந்தபோது எங்களிடமே வந்தீர்கள். உங்களைப் பார்த்த டொக்டருக்கு ஸ்கான் படத்தில் ஏதோ தெளிவில்லை. பக்கத்து அறை டொக்டரின் அபிப்பிராயம் கேட்டுக் கடிதம் எழுதினார். இருவரும் குடல் நிபுணர்கள். ஒரே துறை என்றால், தன்னால் ஏன் தீர்மானிக்க முடியவில்லை என்று முதலாமவர் எழுதவேண்டும். இல்லாவிட்டால் இரண்டாமவருக்கு அரசிடமிருந்து ஆலோசனைக் கட்டணம் கிடைக்காது. அந்தப் படிவங்களைச் சரிபார்ப்பது என் வேலை. கடிதத்தில் காரணம் இல்லை. துண்டை ஒட்டி, கோப்பை முதல் டொக்டரின் மேசையில் கோப்புத் தட்டில் வைத்தேன். காரணம் வந்தபிறகு உங்களுக்கு நாள் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவர் விடுமுறையில் போயிருந்தார். திரும்பி வந்தபோது தட்டு நிறையக் கோப்புகள். உங்களுடையது அடியில்.

லிப்டில் கண்டபோது விஷயத்தைச் சொன்னேன். சிரித்தீர்கள்.

“பக்கத்து அறை டொக்குத்தரோட கதைக்கிறதுக்கும் காரணம் எழுதோணுமோ? எங்கட ஆக்கள் கலியாணம் பேசுறதைவிடக் கஷ்டமாயெல்லோ கிடக்கு.”

“பேந்து கூப்பிடுவினம் அக்கா.”

“ஓம், நீ உள்ளுக்க இருக்கிறாய்தானே. எனக்கென்ன பயம்.”

ஐந்து வாரம். இரண்டு முறை கேட்டீர்கள். மூன்றாம் முறை கேட்கவில்லை. எனக்குக் கரைச்சல் தரக்கூடாதென்று நினைத்திருப்பீர்கள். உங்களை அம்புலன்சில் ஏற்றிய அன்றுதான் நான் கோப்பைத் தேடினேன்.

பிறகு அந்த விதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கட்டணம் எப்போது கிடைக்காது என்று மட்டும்தான் அதில் இருக்கிறது. நோயாளியைப் பார்க்கக்கூடாதென்று ஒரு வரியும் இல்லை. சாதாரண வருகையாகப் பதிந்து, மறுநாளே உங்களை அந்த அறைக்குள் அனுப்பியிருக்கலாம். விதியைத் தவறாமல் பார்ப்பவள் என்று எனக்கு அங்கே நல்ல பெயர்.

முந்திப் பார்த்திருந்தால் தப்பியிருப்பீர்களா, தெரியாது. தெரியாததும் எனக்கு ஆறுதலாக இல்லை.

உங்கள் மகள் கோப்பின் பிரதி கேட்டிருக்கிறாள். இன்று பின்னேரம் கிளினிக்குக்கு வருவாள். “அன்ரி, அம்மாவுக்கு ஏன் இவ்வளவு லேட்டானது எண்டு அதில இருக்குமோ?” என்று நேற்றுப் போனில் கேட்டாள். “வாங்கோ, பாப்பம்,” என்றேன். என் வீட்டில்கூட இதைப்பற்றி நான் கதைத்ததில்லை.

துண்டு இப்போது மேலங்கிப் பையில் இருக்கிறது. அவள் வருமுன் அதைப் பசை தடவி, கோப்பில் இருந்த இடத்திலேயே ஒட்டுவேன். கீழே என் பெயரை எழுதுவேன். அதற்குப் பிறகுதான் பிரதி எடுப்பேன்.