எலுமிச்சைக் கம்பி

ஆடி வெள்ளி, இரவு

எலுமிச்சம்பழத்தைத்தான் முதலில் பார்த்தேன். திருப்பதியில் பூஜை போட்டுவிட்டு எங்கள் புத்தூர் மெக்கானிக் கடைக்கு வந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பழமும் மிளகாயும் கோர்த்த கம்பியின் முனை கிரில்லுக்குள் போய்க் கருகியிருந்தது.

ஆரன் அடித்தால் சில நேரம் ஃபியூஸ் போகிறது. காலையிலிருந்து தேடியும் நைனாவுக்குக் காரணம் பிடிபடவில்லை.

"இன்னாண்ணா, பையன் குவைத்துக்குப் போனதும் கடைக்குக் கண்ணு போச்சா?" என்று டீக்கடை மாமா சிரித்தார். நைனா ஸ்பேனரைத் துடைத்தார்.

அண்ணன் இருந்தபோது எனக்குத் தெரிந்ததை அவன் காதில் சொல்வேன். வெளி ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வராது. அவன் கொஞ்சம் தலையைச் சொறிந்துவிட்டு, தானே கண்டுபிடித்த மாதிரி உரக்கச் சொல்வான். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான். இன்றும் பழக்கத்தில் அவன் பக்கம் திரும்பினேன். ஆணியில் அவன் காக்கிச் சட்டைதான் தொங்கியது.

"பரவால்லைங்க, சென்னையில காட்டிக்கிறேன்" என்று கார்க்காரர் சாவிக்குக் கை நீட்டினார்.

நான் போய் அந்தக் கம்பியைப் பிடித்தேன். "நைனா, இதான் ஆடும்போது ஆரன் முனையில இடிச்சு ஃபியூஸ் போகுது" என்றேன், டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி.