வாயு வட்டத்து வண்டுகள்

அன்பு மனைவிக்கு,

இங்கே நலம். நீயும் நலமாக இருப்பாய். இல்லாவிட்டாலும் போனில் நலம் என்றுதான் சொல்வாய். மகள் கணக்குப் பரீட்சையில் தேறிவிட்டாள். அறிவு அம்மாவுடையது, கையெழுத்து அப்பாவுடையது என்று அவளுடைய டீச்சர் சொன்னார். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. ஊர்க் குழாயெல்லாம் சரிசெய்கிறவன் வீட்டிலா இப்படி என்று ஆரம்பிக்காதே. வாஷர் வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் சோதனைக்கூடத்துக்குக் கேட்ட சோயா இலைகள் இந்தப் பார்சலில், ஐஸ் பெட்டிக்குள், வட்டம் வாரியாக இருக்கின்றன. புதன்கிழமை கிடைத்துவிடும்.

உன் ஆய்வுக்காக வயலில் நான் போட்ட குழாய் வளையங்களில் ஒரு கசிவும் இல்லை. மூன்று வட்டங்களுக்குக் கூடுதல் கரியமில வாயு, மூன்றுக்குச் சாதாரணக் காற்று, எல்லாம் நீ எழுதிவைத்த அளவில் போகிறது. நம் மகள் கிழவியாகும் காலத்தில் எல்லோரும் சுவாசிக்கப் போகும் காற்று இது என்று நீ சொன்னது, வால்வைத் திறக்கும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது. வாயு வட்டத்துச் செடிகள் கொழுகொழுவென்று இருக்கின்றன, ஆனால் சரியான ஏமாளிகள். சாதாரணச் செடியை வண்டு கடித்தால், அதன் வயிற்றைக் கெடுக்கும் சரக்கை இலையில் ஏற்றிவிடும் என்பாயே, இவை கடிபட்டும் தேமேயென்று நிற்கின்றன.

இனிதான் விஷயம். போனில் சொல்லத் தைரியம் இல்லாமல் எழுதுகிறேன்.

வாயு வட்டங்களில் நடுவில் பத்து நாள் வண்டு குறைந்ததே, அதற்குக் காரணம் செடி இல்லை, நான். தினமும் காலையில் எண்ணச் சொன்னாய், எண்ணினேன். இலைகளோ சல்லடையாகிக்கொண்டே போயின. இருபது வருடமாக, ஒழுகுவதைக் கண்டால் ஸ்பேனரை எடுத்துப் பழகிய கை. எண்ணி முடித்ததும் அத்தனை வண்டுகளையும் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டேன். எண்ணிக்கையை எழுதியாகிவிட்டதே, அப்புறம் என்ன என்று நினைத்தேன். மறுநாள் எண்ணிக்கை அதனால்தான் குறைகிறது என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

போன செவ்வாய்க்கிழமை நீ போன் செய்து, செடிங்க தானாவே எதிர்க்கக் கத்துக்கிச்சு போலிருக்குங்க, புரொபசராலேயே நம்ப முடியல என்று சிரித்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஆய்வைத் தொடங்கிய நான்கு வருடத்தில் நீ அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சட்டென்று போனை மகளிடம் கொடுத்துவிட்டேன். எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது.

அன்றோடு பொறுக்குவதை நிறுத்தினேன். ஐந்தே நாளில் வண்டுகள் பழையபடி மொய்த்துவிட்டன. அந்த ஐந்து நாள் எண்ணிக்கையும், நான் பொறுக்கிய நாட்களும் தனித்தாளில் இருக்கின்றன.

ஆகவே வாயு கூடினால் செடி எதிர்க்க மறந்துவிடும் என்று நீ முதலில் சொன்னதுதான் சரி. எனக்கு அதில் துளியும் சந்தேகமில்லை. இலைகளைச் சோதித்தால் உனக்கே தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் உன் டாக்டர் பட்டத்தை முடிவு செய்வார்கள் என்று தெரியும். இருந்தாலும் அந்த நல்ல செய்தியை அங்கே சொல்லிவிடாதே. அந்தப் பத்து நாள் கணக்கை அடித்துவிட்டு, என் வீட்டுக்காரர் வண்டு பொறுக்கிவிட்டார் என்று எல்லோர் முன்னாலும் சொல்லு. சிரித்தால் சிரிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை. இன்னொரு பருவம் விதைக்கச் சொன்னால் விதைப்போம். அதனால் நீ வருவது தள்ளிப்போனாலும் வீட்டை நான் பார்த்துக்கொள்வேன். மகளும் சமாளிப்பாள். அவள் உன்னைப் போல.

தலை நிமிர்ந்து பேசு. நீ ஜெயிப்பாய். கூட்டம் முடிந்ததும் போன் மட்டும் செய். திட்டுவதற்காக இருந்தாலும் செய்.

என்றும் உன்,
வீட்டுக்காரன்