தலைகீழாகத் தொங்கும் பறவை

மார்ச் 3, செவ்வாய்

கடையில் நாள் முழுக்கப் பழங்காசுகளுக்குத் தரம் போட்டுக் கண் பூத்துப்போயிற்று. வீட்டுக்கு வந்தால் மாமனார் ஒரு வெளிநாட்டுக் காசை நீட்டுகிறார். நடுவில்கூட இல்லை, ஓரத்தில் ஓட்டை. கைக்குழந்தையாய் அவரை ஆஸ்பத்திரி வாசலில் கண்டெடுத்தபோது கழுத்துக் கயிற்றில் கிடந்ததாம், நாலு வயசு வரைக்கும் கழற்றவே இல்லையாம். இத்தனை வருஷமாக மூச்சு விட்டதில்லை மனுஷன். பெற்ற மகனுக்கே இன்றுதான் தெரியும்.

“ஊரு பேரு கெடக்கட்டும்மா. வேணாம்னு வீசிட்டுப் போனாங்களா, மனசில்லாம வச்சிட்டுப் போனாங்களா? இது ஏதாச்சும் சொல்லுமா?”

காசு அதையெல்லாம் சொல்லாது. ஆனாலும் பார்க்கிறேன் மாமா என்று வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 4

யாரிடம் போய்ச் சொல்லி அழ! தருவதற்கு முன் பல்பொடி போட்டுத் தேய்த்திருக்கிறார். மருமகளிடம் அழுக்காகக் கொடுப்பதா என்று. பூனை பிறாண்டின மாதிரி காசு முழுக்கக் கீறல். தோலையே உரிச்சிட்டீங்களே மாமா என்று கத்திவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கு ஏன் இந்த வாய்?

மார்ச் 5

காபியை மாமா என் கையால் வாங்கவில்லை, தானே போய் எடுத்துக்கொண்டார்.

மார்ச் 7, சனி

ஜன்னலில் சாய்ந்து விழுந்த காலை வெயிலில் காசை வைத்து மெல்லத் திருப்பினேன். வெறும் தகடாகக் கிடந்ததில் முதலில் ஒரு கொண்டை எழுந்தது. பிறகு அலகு. பிறகு — முழுப் பறவை! காலடியில் நாலு எழுத்து. தினமும் பார்க்கிற வேலைதான், ஆனாலும் உடம்பு சிலிர்த்துவிட்டது. கடைப் புத்தகத்தில் அகப்பட்டது: எங்கோ கடல் நடுவே ஒரு தீவு நாட்டுக் காசு. மறுபக்க ராஜா தலை மழமழவென்று தேய்ந்திருக்கிறது. அதுதான் நெஞ்சில் உரசிய பக்கம். பறவை வெளியே பார்த்துத் தொங்கியிருக்கிறது.

தரம்: மிகவும் தேய்ந்தது. தேய்த்த கீறல்கள். பறவையின் காலடியில் துளை, மாட்டினால் தலைகீழாகத் தொங்கும், கவனக்குறைவு.

மாமாவிடம் நாட்டின் பெயரைச் சொன்னேன். தலையாட்டினார். துளையைப் பற்றியும் சொல்லித் தொலைத்தேன்.

“போற அவசரத்துல போட்டிருப்பாங்க” என்றார். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மார்ச் 8

மனசு ஆறவில்லை. லென்சில் துளையைப் பார்த்தேன். ஒரு பிசிறு இல்லை. இரண்டு பக்கமும் அரம் போட்டு மழுக்கியிருக்கிறது, பிஞ்சுக் கழுத்தில் கீறிவிடாதபடி. இவ்வளவு நிதானமான கையா மேல் கீழ் பார்க்காமல் துளை போட்டிருக்கும்?

கயிறு கோர்த்து என் கழுத்திலேயே மாட்டினேன். கண்ணாடியில் பறவை தலைகீழ். குனிந்து, காசைக் கையில் தூக்கிப் பார்த்தேன்.

நேராக இருந்தது. கொண்டை மேலே, கால் என் பக்கம்.

அடேயப்பா. எப்பேர்ப்பட்ட கை அது! நானும் ஒரு தரம் போடுகிறவளாம்.

ஓடிப்போய் மாமா கழுத்தில் மாட்டினேன். “தூக்கிப் பாருங்க மாமா. ஊருக்குக் காட்ட இல்ல, புள்ள பாக்கணும்னு போட்ட தொளை இது.”

குனிந்தவர் வெகு நேரம் நிமிரவில்லை. நானும் அழுதேன்.

மார்ச் 16, திங்கள்

நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை மாமா கடைக்கே கொண்டுவந்தார். சட்டைக்கு வெளியே காசு. முதலாளிக்குத் தொழில் புத்தி போகுமா? கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, பறவை தலைகீழாத் தொங்குதே பெரியவரே என்று கேட்டுவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சொன்னார்:

“பாக்குற உங்களுக்குத்தான் தலைகீழு. எனக்கு நேராத்தான் இருக்கு.”