பலூனுக்கு வடம் பிடித்தோம்

மாசி 9, ஞாயிறு

காலையில் பனி. பிறகு நல்ல வெயில். பருத்திக் கமிஷன் கடைக்கு லீவு. வாங்க வேண்டியவை: விளக்கெண்ணெய், மகள் காமுவுக்குச் சிலேட்டுக் குச்சி. இரண்டும் வாங்கவில்லை. பலூன் பார்க்கப் போய்விட்டேன்.

வைகை மணலில் குழி வெட்டி, வைக்கோலைக் கொளுத்தி, அந்தப் புகையை ஒரு பெரிய துணிப்பைக்குள் விட்டார்கள். பை எழுந்து நின்றது! கீழே மூங்கில் கூடையில் கோவிந்தராவ், தஞ்சாவூர் மராட்டியர். கோட்டு, தலைப்பாகை. தென்னைக்கு மேலே போனார். கோபுரத்துக்குச் சமம் என்று நான். அதில் பாதி என்றான் மச்சினன் சின்னச்சாமி. சூடு ஆறியதும் மணலைப் பார்த்துத் தானாகவே இறங்கியது. நீளமாக ஒரு கயிறு தொங்கிற்று.

கயிற்றைக் கண்டால் மதுரைக்காரன் கை சும்மா இருக்குமா? "வடத்தப் பிடிங்கப்பா!" என்றான் சின்னச்சாமி. முதலில் ஓடிப் பிடித்தது அடியேன். பின்னால் ஊரே. ஐயா தண்ணீரில் விழுந்துவிடக் கூடாதே என்று கரைப்பக்கம் இழுத்தோம். அவர் மேலேயிருந்து கையை ஆட்டினார். குஷியில் ஆட்டுகிறார் என்று இன்னும் வேகமாக இழுத்தோம். தேர் என்றால் நிறுத்தக் கட்டை போட ஆள் உண்டு. இதற்குக் கட்டையை எங்கே போடுவது?

கூடை படித்துறைக் கல்லில் மோதியது. அவருக்கு வலது கால் முறிவு. எனக்கு உள்ளங்கைத் தோல் போயிற்று. யாரிடமும் காட்டவில்லை.

மாசி 10, திங்கள்

பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டாயிற்று. கோவிந்தராவ் தங்கிய சத்திரத்தில் மாடி அறை. படி ஏற முடியாது. எங்கள் வீடு ஆற்றங்கரையில், தரையோடு தரையாக. "இழுத்தவுகதான வச்சுப் பாக்கணும்" என்றாள் என் மனைவி செல்லம். கூடத்தில் கட்டில் போட்டோம். கூட அவர் மனைவி ரத்னாபாய்.

வடம் பிடித்தவர்கள் ஒவ்வொருவராக வாழைப்பழத்தோடு வருகிறார்கள். "நா சும்மா தொட்டேன் சாமி, அம்புட்டுத்தேன்." எல்லோரும் தொட்டதற்கே இந்தக் கதி.

மாசி 12, புதன்

உஷ்ணம். காமு கேட்டாள்: "பொகை எப்படிப்பா ஆளத் தூக்கும்?"

பூரி உப்புகிற மாதிரி என்றேன்.

"பூரி பறக்கலியேப்பா?"

என் படிப்பு அத்தோடு சரி. ரத்னாபாய்தான் சொன்னார்: தூக்குவது புகையல்ல, சூடான காற்று, அது லேசு. அப்படியா? சோதித்துப் பார்த்தேன். அடுப்புக்கு மேல் காகிதப் பை. ஒரு முழம் எழும்பியது, சத்தியம்! பிறகு பற்றிக்கொண்டது. குனிந்து பார்த்த என் மீசையும்.

"பாதி மீச பறந்துருச்சு, மீதிய எப்ப விடப்போறீக?" என்றாள் செல்லம். கோவிந்தராவ் சிரித்தார். வந்த பிறகு இதுதான் முதல் சிரிப்பு.

மாசி 14, வெள்ளி

வருகிற ஞாயிறு ரத்னாபாய் ஏறப்போகிறாராம்.

"இவ தனியா ஏறினதே இல்லை அண்ணே. நீங்களாவது வேண்டாம்னு சொல்லுங்க" என்றார் கோவிந்தராவ்.

"விழுந்த ஊரோட நிறுத்தினா அடுத்த ஊர்ல யார் கூப்பிடுவாங்க?" என்றார் அந்த அம்மாள். கோவிந்தராவ் ராத்திரி சாப்பிடவில்லை.

கூட்டத்தை அடக்கும் பொறுப்பு எனக்கு. கயிற்றை முதலில் பிடித்தவன் என்பதே தகுதி.

மாசி 16, ஞாயிறு

காற்றில்லை. நல்லது.

கயிற்றைத் தொடக் கூடாது. மேலேயிருந்து அம்மாள் சொல்வது காதில் விழ வேண்டும், ஆகவே மூச்! தண்டோராக்காரன் மாதிரிச் சொல்லிக்கொண்டே போனேன்.

"கை அரிக்குது மச்சான்" என்றான் சின்னச்சாமி.

"கக்கத்துல வச்சுக்க மாப்ள."

எல்லோரும் கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு அண்ணாந்து நின்றோம். ஏறியது. போயிற்று. இறங்கியது. கயிறு எங்கள் தலைக்கு மேல் ஊர்ந்து போனது. ஒருவன் தொடவில்லை. கூடை மணலில் சாய்ந்தது. ரத்னாபாய் உருண்டார், எழுந்தார், சேலையை உதறினார். அப்போதும் யாரும் வாய் திறக்கவில்லை. இந்த ஊரையே அடக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

எல்லோருமாக வீட்டுக்கு வந்தோம். செல்லமும் காமுவும்கூட ஆற்றில்தான் இருந்தார்கள். கட்டில் காலி. கோவிந்தராவ் வாசல் நிலையில் குப்புறக் கிடந்தார். கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு அதுவரை தவழ்ந்திருக்கிறார்.

"போன வாரம் நான் ஏறினப்பவும் விழுந்தப்பவும் ஊரே கத்துச்சு. இன்னிக்கு ஒரு சத்தமும் இல்லை. ஒண்ணுமே இல்லை. இவளுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னுதான்…"

ரத்னாபாய் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். சேலையிலிருந்து மணல் அவர் முகத்தில் உதிர்ந்தது. அவர் துடைக்கவில்லை.

உள்ளே போக வழியில்லை. நாங்கள் எல்லோரும் தெருவிலேயே நின்றோம்.