கொதித்தும் வேகாத சோறு

அன்புள்ள அம்மைக்கு ரெஜித் எழுதுறேன். அம்மாக்க கால்முட்டு வேதனை குறைஞ்சுதா? எனக்கு ஒரு குறையும் இல்ல.

இந்தத் தடவை லடாக்கில எட்டு நாள் மலை நடக்க வந்த ஆறு பேருக்கு நானாக்கும் சமையல். சிவப்பு, பச்சை, ஊதான்னு சாயம் ஊத்தின மாதிரி மலைங்க. நாலு நாளா எல்லாம் வெள்ளை. பனி விழுந்து முன்னும் பின்னும் வழி அடைஞ்சு, கூடாரத்துக்குள்ளயே இருக்கோம். வேற ஒண்ணும் இல்ல.

ஒரு தமாஷ் உண்டு. சாமான் சுமக்கிற குதிரை சறுக்கினதில குக்கர் பள்ளத்தில போச்சு. வீட்டில வடிக்கிற மாதிரி வடிச்சிரலாம்னு, அம்மா தந்துவிட்ட சம்பா அரிசியைக் காலையில பானையில போட்டேன். இந்த உயரத்தில தண்ணி கொதிக்கும், சோறு வேகாது. மத்தியானம் வரைக்கும் எரிச்சு, காஸ் தீர்ந்ததுதான் மிச்சம். கஞ்சிவெள்ளத்தில உப்புப் போட்டுக் குடுத்தேன். ஆறு பேரில ஒரு வெள்ளைக்காரச் சாயிப்பு ரெண்டாவதும் கேட்டாரு.

நாளைக்கு குதிரைக்காரர் மட்டும் பனியில இறங்கிப் பாக்காரு. இந்தக் கடிதம் அவர் கையிலதான்.

நான் வாறப்ப பனச்சமூட்டுச் சந்தையில மத்தி மீன் வாங்கி, மரச்சீனிக் கிழங்கு அவிச்சுத் தரணும். போனை எப்பவும் சார்ஜில வையுங்க. தெரியாத நம்பர்னு கட் பண்ணாதீங்க. யாராவது ஹிந்தியில பேசினாலும் வெச்சிராதீங்க. நான் பக்கத்திலதான் நிப்பேன்.

மகன் ரெஜித்