எலி மருந்தைப் புதைத்துவிட்டேன்

நஸீமாவின் வாப்பாவுக்கு,

பண்டாரவளைக்கு என் கூடப்பிறந்த ராத்தாவைப் பார்க்கப் போகிறேன். அஸர் தொழுகைக்குள் வந்துவிடுவேன். சோறும் பருப்பும் மூடி வைத்திருக்கிறேன்.

அலுமாரிக்கு அடியில் நீங்கள் வைத்த எலி மருந்தைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். மருந்து தின்ற எலியைத் தின்றால் நம் பூனையும் சாகும். நம் கடையிலிருந்து ஒரு எலிப்பொறி எடுத்து, சுட்ட தேங்காய்ச் சொட்டுத் துண்டு மாட்டியிருக்கிறேன். கேட்காமல்தான் எடுத்தேன்.

"எலி புடிக்காத பூன என்னத்துக்கு? சாக்குல கட்டி வெலிமடக்குப் போற லொறியில ஏத்திடுவன்" என்றீர்கள். தினமும் உங்கள் பீங்கானிலிருந்து அதற்குக் கருவாடு போடுவது யார்? வயிறு நிறைந்த பூனை எதற்கு எலி பிடிக்க வேண்டும்?

கருவாட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். திறப்பு என்னிடம்.

ஸவாஹிரா

இன்னொன்று. பூனை லொறியில் போயிருந்தால், அடுத்த லொறியில் நானும் போவேன். சோறு ஆக்கித் தரச் சொல்லி எலியிடம் கேளுங்கள்.